ஐந்து வயது ஊசி

தொண்டை அடைப்பான் பற்றிய கேள்விக்கு நான் பத்துக்குப் பத்து வாங்கினேன். போர்ட் பிளேரில் நர்சிங் படிப்பு, இரண்டாம் ஆண்டு. என் விடைத்தாளை மேடம் வகுப்பு முழுக்கச் சுற்றுக்கு விட்டார். படம்கூட வரைந்திருந்தேன்: திறந்த வாய், உள்நாக்கு, இரண்டு பக்கமும் டான்சில், அதன்மேல் படர்ந்த சாம்பல் நிறத் தோல். சாம்பல் நிறம் வரவேண்டும் என்று பென்சில் தூளை விரலால் தேய்த்துவிட்டேன். அந்தத் தோலைச் சுரண்டி எடுக்கப் பார்க்கக் கூடாது, சுரண்டினால் ரத்தம் வரும் என்று அம்புக்குறி போட்டு எழுதினேன். தாடைக்குக் கீழே கழுத்து மாட்டுக் கழுத்து மாதிரி வீங்கும். கிருமி தொண்டையோடு நின்றுவிடும். அது கக்கும் விஷம்தான் ரத்தத்தில் ஏறி இதயத்துக்குப் போகும். பெனிசிலின் கிருமியைக் கொல்லும், விஷத்தைத் தொடாது. விஷத்துக்கு முறிமருந்து தனி. அதைச் சந்தேகம் வந்த உடனே கொடுக்க வேண்டும், பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 'உடனே' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

மேடம் மலையாளி, நல்ல மனுஷி. மார்க்குக்காகப் படியுங்கள், இதை யாரும் கண்ணால் பார்க்கப் போவதில்லை, தடுப்பூசி வந்தபிறகு இது புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று இந்தியில் சொன்னார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் உதவாமல் போனதோடு நின்றிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என் ஊர் எந்தத் தீவில் இருக்கிறது என்று சொல்லப் போவதில்லை. ஹட் பே போகிற கப்பலுக்காகப் போர்ட் பிளேர் துறைமுக ஜெட்டியில் மூட்டைகளோடு காத்து நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நாங்களும் அப்படி நிற்கிறவர்கள்தான், கப்பல் மட்டும் வேறு. இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, இங்கே இன்னொரு தோட்டத்தில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களின் வழியில் வந்தவர்கள். தோட்ட வேலை போய்ப் பல காலம் ஆயிற்று. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளை இன்னும் லயம் என்றுதான் சொல்கிறோம். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும். அதனால்தான் ஊரைச் சொல்லவில்லை; சொன்னால் கப்பல் கரைக்கு வருவதற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூன்றாம் ஆண்டில் கிராமப் பயிற்சிக்கு என்னை என் சொந்தத் தீவுக்கே அனுப்பினார்கள். இரண்டு வாரம். அங்கே தடுப்பூசி போடும் சுகாதார ஊழியர் ஒரு வங்காள அம்மாள். தீதி என்று கூப்பிடுவோம். எனக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று ரெஜிஸ்டரை என்னிடம் கொடுத்துவிட்டார்.

பிள்ளைகளுக்கு ஐந்து வயதில் ஒரு ஊசி உண்டு. கைக்குழந்தையில் போட்ட ஊசிகளின் பலம் மங்கிவரும் வயதில், தொண்டை அடைப்பானுக்கும் கக்குவானுக்கும் ரண ஜன்னிக்கும் சேர்த்து இன்னொரு முறை போடுவது. அந்தப் புதன்கிழமை அங்கன்வாடித் தாழ்வாரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தோம். முதல் ஆளாக வந்தது எங்கள் லயத்தில் நான்கு வீடு தள்ளியிருந்த அக்கா. என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி, பவுடர் போட்டுக் கூட்டி வந்திருந்தாள்.

தீதி முதல் குப்பியைத் திறந்துவிட்டு ஊசியைப் பிரிக்கும்போது கப்பல் ஊதியது.

மெயின்லேண்டுக்காரர்களுக்கு இது புரியாது. கடல் கெட்டுப்போய்ப் பத்து நாளாகக் கப்பல் வரவில்லை. வெங்காயம் கிடையாது, கேஸ் சிலிண்டர் கிடையாது, போர்ட் பிளேருக்குப் போன மனிதர்கள் திரும்பவில்லை. கப்பல் ஊதினால் எங்கள் ஊரில் பள்ளிக்கூடமே காலி. வரிசையில் நின்றவர்கள் பாதிக்கு மேல் ஜெட்டிப் பக்கம் திரும்பிவிட்டார்கள். அக்காவின் மகளும் குதித்தாள். "தங்கச்சி, இவுங்க அப்பா இந்தக் கப்பல்லதான் வர்றாரு. புள்ள நிக்க மாட்டேங்குது. பாத்துட்டு வந்து போட்டுக்கிறேன்" என்றாள். சரிக்கா என்றேன். வெங்காயம் இல்லாமல் ஒரு வாரம் சமைத்தவளிடம் போய்த் தொண்டை அடைப்பான் என்று நான் என்ன சொல்வது? எனக்கே ஜெட்டிக்குப் போக வேண்டும் போலிருந்தது.

அவள் திரும்பி வரவில்லை. யாரும் திரும்பி வரவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும். மாதாந்தர ரிப்போர்ட்டும் அந்தக் கப்பலில்தான் போயாக வேண்டும், தவறினால் அடுத்த கப்பல் எப்போதோ. எங்கள் தீவில் எந்த வேலைக்கும் கெடு கப்பல்தான். தீதி பட்டியலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"லிக் தோ, பேட்டி. அக்லே புத்வார் தே தேங்கே" என்றார். எழுதிவிடு மகளே, அடுத்த புதன் போட்டுவிடலாம்.

எழுதினேன். நீல மையில், ஒரு பெயர் விடாமல், ஒரே அளவில் டிக் போட்டேன். பெட்டியில் ஐஸ் உருகிப்போயிருந்தது, இனி மருந்து உதவாது, கணக்கும் சரியாக வர வேண்டும் என்று மிச்சத்தைத் தீதி பப்பாளி மரத்தடியில் ஊற்றினார். ரிப்போர்ட்டைக் கப்பலில் சேர்த்துவிட்டு நான் ஜெட்டியில் ஒரு கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த புதனுக்குள் என் பயிற்சி முடிந்துவிட்டது, போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறிவிட்டேன். தீதிக்கும் அந்த மாதமே வேறு தீவுக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் ரெஜிஸ்டரைப் பார்த்திருப்பார். எல்லாம் போட்டாயிற்று என்று அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்கள் புளுகு சர்க்கார் ரெஜிஸ்டரில் இருந்ததால் நான்கு வருடம் தாங்கியது.

நான்கு வருடம் கழித்து அதே தீவின் சின்ன ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு காலை ஒன்பது மணிக்கு அந்த அக்கா மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறாளே என்றுதான் முதலில் பார்த்தேன். அப்புறம் கழுத்தைப் பார்த்தேன். தாடையும் கழுத்தும் ஒன்றாகிப் போயிருந்தன. அந்த வீக்கத்தின் மேல் ஒரு தங்கச் சங்கிலி கிடந்தது. அக்காவின் கழுத்தில் தாலி மஞ்சள் கயிற்றில் தொங்கியது.

பொன்னுக்கு வீங்கி வந்தால் பிள்ளையின் கழுத்தில் பொன் போடுவது எங்கள் வழக்கம். பொன் பட்டால் வீக்கம் வற்றிவிடும் என்று நம்பிக்கை. அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி, எல்லாம் தன்னால் வற்றியும் விட்டது. வீட்டில் வேறு நகை இல்லாததால் அக்கா தாலியைக் கயிற்றுக்கு மாற்றிவிட்டுத் தன் சங்கிலியைப் போட்டிருக்கிறாள். மூன்று நாள் காத்திருக்கிறாள்.

நான் கத்தினேன். வரிசையில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, "படிச்சுப் படிச்சுச் சொல்றோம், இன்னும் சங்கிலியும் மஞ்சளும்னே கெடக்கிறீங்களேக்கா! மூணு நாளா என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டேன். வெள்ளை உடுப்புப் போட்ட திமிர், வேறென்ன.

"பொன்னுக்கு வீங்கின்னு நெனச்சேன் தங்கச்சி. இஸ்கூல்ல எல்லாப் புள்ளைகளுக்கும் இருக்கு" என்றாள்.

பிள்ளையின் வாயைத் திறந்து டார்ச் அடித்தேன். நான் வரைந்த படம் உள்ளே இருந்தது. அதே சாம்பல் நிறம், டான்சிலைத் தாண்டி உள்நாக்கு வரை. படத்தில் இல்லாதது வாடை மட்டும்தான். புத்தகத்தில் துர்நாற்றம் என்று ஒரு சொல் இருக்கும். அந்தச் சொல்லை எழுதியவர் மோந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். மூச்சு இழுக்கும்போது சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் வந்தது.

டாக்டர் வடநாட்டுப் பையன், முதல் போஸ்டிங். மோசமானவர் இல்லை. அவரும் பார்த்தார், அவருக்கும் சந்தேகம் வந்தது. கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகவே கேட்டார்: ஊசியெல்லாம் போட்டதா?

அக்கா தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள். "பாஞ்ச் சால் வாலா நஹீ தியா சாப். உஸ் தின் ஜஹாஜ் ஆயா தா." ஐந்து வயது ஊசி போடவில்லை, அன்றைக்குக் கப்பல் வந்தது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். நான்தான் போய் எடுத்து வந்தேன், நான்தான் பக்கத்தைப் புரட்டினேன். நீல மை கொஞ்சமும் மங்கவில்லை.

"ரெஜிஸ்டர் மே ஹை. இன்கோ யாத் நஹீ ஹோகா" என்றார். ரெஜிஸ்டரில் இருக்கிறது, இவர்களுக்கு ஞாபகம் இருக்காது.

நான் பேசவில்லை. காரணத்தைச் சுற்றி வளைக்க விரும்பவில்லை: பயம். எட்டு மாத வேலை, லயத்திலேயே முதல் சர்க்கார் வேலை, அப்பா ஜெட்டியில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த வேலை. பொய்யாக டிக் போட்டவள் என்று தெரிந்தால் அதோடு போச்சு. டான்சில், கூடவே பொன்னுக்கு வீங்கி என்று டாக்டர் எழுதினார். பெனிசிலின் போட்டோம். எதற்கும் போர்ட் பிளேருக்கு ஒரு போன் போடலாமா சார் என்று மெல்லக் கேட்டேன். எல்லா ஊசியும் போட்ட பிள்ளைக்குத் தொண்டை அடைப்பான் என்று போன் போட்டால் சிரிப்பார்கள் என்றார். சரி சார் என்றேன். பெனிசிலின் விஷத்தைத் தொடாது என்று எனக்குத் தெரியும். பத்துக்குப் பத்து.

ஒன்பது மணிக்கு வந்த பிள்ளை. நான் வாயைத் திறந்தது மாலை நான்கு மணிக்கு. அதற்குள் கழுத்து இன்னும் பருத்துவிட்டது, மூச்சுச் சத்தம் அறைக்கு வெளியே கேட்டது. டாக்டரின் மேஜைக்கு முன்னால் நின்று, அந்த டிக் நான் போட்டது சார், ஊசி போடவில்லை என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனை எடுத்தார். இனி வெளிச்சம் போதாது, ஹெலிகாப்டர் நாளைக்குத்தான் என்றார்கள் போர்ட் பிளேரில். மறுநாள் காலை மழை. நண்பகலுக்குத்தான் ஹெலிகாப்டர் வந்து பிள்ளையையும் அக்காவையும் போர்ட் பிளேருக்கு ஏற்றிப் போனது. முறிமருந்து மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் வர வேண்டியிருந்தது, அதற்கு இன்னொரு நாள் ஆனது.

தொண்டை தெளிந்துவிட்டது என்று போனில் செய்தி வந்தது. பிள்ளை கஞ்சி குடிக்கிறாள், ஐஸ்கிரீம் கேட்கிறாள் என்றார்கள். நான் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். இரண்டாவது வாரத்தில் இதயம் கெடலாம், படுக்கையை விட்டு எழவே விடக்கூடாது என்று என் விடைத்தாளில் இருந்தது. இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, தலை சீவிவிடச் சொல்லி எழுந்து உட்கார்ந்தாளாம். அக்கா சீப்பை எடுத்துக்கொண்டு திரும்பினாளாம். அவ்வளவுதான்.

எங்கள் டாக்டர் போர்ட் பிளேருக்கு எழுதி அனுப்பிய கடிதத்தின் நகலை நான் படித்தேன். நாட்டு வழக்கத்தை நம்பியதால் மூன்று நாள் தாமதம், கழுத்தில் தங்கச் சங்கிலி என்று எழுதியிருந்தார். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. மூன்று நாள் தாமதம்தான், சங்கிலிதான். என்னுடைய ஏழு மணி நேரம் மட்டும் அதில் இல்லை. "யே பாத் யஹீ ரஹ்னே தோ" என்றார் என்னிடம். இது இங்கேயே இருக்கட்டும். ரெஜிஸ்டரை நம்பியவர் அவர், அவருக்கும் பயம் இருந்திருக்கும். நோய் பரவாமல் தடுக்க லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஊசி போட்டோம். நான் பொய்யாக டிக் போட்ட அத்தனை பிள்ளைகளுக்கும் என் கையாலேயே போட்டேன். இன்றைக்கு அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு டிக்தான் பொய்.

லயத்தில் பேச்சு வேறு மாதிரி போனது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சங்கிலியைப் போட்டுப் பிள்ளையைக் கொன்றுவிட்டாள் என்று அக்காவின் மாமியார் துஷ்டி வீட்டிலேயே ஆரம்பித்தார். தண்ணீர்க் குழாயில், ரேஷன் கடையில், ஜெட்டியில் அதே பேச்சு. அக்கா யாருக்கும் பதில் சொல்லவில்லை. சங்கிலியைத் திரும்பக் கழுத்தில் போடவும் இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்ற பழமொழியைச் சின்ன வயதில் நான் சும்மா ஒப்பித்திருக்கிறேன். பாவம் இருந்த இடத்தில் யாருமே வந்து கேட்கவில்லை. எனக்கு அடுத்த வருடம் போர்ட் பிளேருக்கு மாற்றல் கிடைத்தது, மரைன் ஹில்லில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது.

இப்போது எப்போதாவது நர்சிங் மாணவிகளுக்கு வகுப்பெடுக்கக் கூப்பிடுகிறார்கள். போன வருடம் தொற்றுநோய்ப் பாடம் கொடுத்தார்கள். ஸ்லைடெல்லாம் அவர்களே தயாராக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன்: கிருமி, விஷம், சாம்பல் தோல், மாட்டுக் கழுத்து. அடுத்த ஸ்லைடில் ஒரு தங்கச் சங்கிலிப் படம். மூடநம்பிக்கையால் சிகிச்சை தாமதமான ஒரு நோயாளி என்று தலைப்பு. எங்கள் டாக்டரின் கடிதம் எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. மாணவிகள் சிரித்தார்கள். கழுத்து வீங்கினால் நகை போடுவார்களா மேடம் என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், சில பேர் போடுவார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். தடுப்பூசி அட்டவணை. அதில் ஐந்து வயது ஊசியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன், நன்றாகவே பேசினேன்.

அதே வாரம் அக்கா தன் மாமியாரைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு கப்பலில் வந்தாள். தீவிலிருந்து வருகிறவர்கள் போர்ட் பிளேரில் தங்க, ஊர்க்காரர்களின் குவார்ட்டர்ஸை விட்டால் வேறு இடம் ஏது? என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் சாயங்காலம் மாமியார் கறுப்புக் கண்ணாடியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நானும் அக்காவும் சமையலறையில். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், நான் தேயிலைக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். அந்த ஸ்லைடு நாலு நாளாக என் தொண்டையிலேயே நின்றது.

"அக்கா, அந்த ஊசிக்கு டிக் போட்டது நான்தான்" என்றேன்.

அவள் கத்தியை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

நான் அடுப்பைத் தணித்தேன். அவள் நறுக்கி முடித்ததை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அன்னிக்கி அந்தப் பொஸ்தகம் உன் கையிலதான இருந்துச்சு? ஆஸ்பத்திரியில டாக்டர் அதப் பாத்துட்டு எனக்கு ஞாபகமில்லன்னப்ப உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். இப்பச் சொல்லுவ, இப்பச் சொல்லுவன்னு."

நான் அழுதேன். அவள் அழவில்லை. என் அழுகை முடியட்டும் என்று ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி நின்றாள். அப்புறம் தட்டில் மூன்று டம்ளர்களை எடுத்து வைத்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னா ஆகப்போகுது தங்கச்சி? அந்தா உக்காந்திருக்காங்க. அவுங்ககிட்டச் சொல்லு. நான் கொல்லலன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

சொல்கிறேன் என்றேன். அந்த நேரத்தில் அதை மனதாரத்தான் சொன்னேன். தேநீரை ஊற்றித் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அக்கா பின்னால் வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

வளையல் சத்தத்தில் மாமியார் நிமிர்ந்தார். "யாரு, நர்சுப் புள்ளயா? வா தாயி, உக்காரு" என்று என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார். "நீ ஒருத்தி இல்லாட்டி அன்னிக்கி எங்க புள்ள போர்ட் பிளேர் வரைக்குங்கூட வந்திருக்காது. பெத்தவளுக்கு இல்லாத அறிவு உனக்கு இருந்துச்சு."

திரும்பிப் பார்த்தேன். அக்கா மஞ்சள் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு, டாக்டரின் மேஜைக்கு முன்னால் அன்றைக்குப் பார்த்த மாதிரியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீனி போதுமா பெரியம்மா?" என்று கேட்டேன்.